நடு முடிச்சு

பேய், ஆவி, காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்லறைத் தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்து பீடி குடித்தே வளர்ந்தவனுக்கு இதிலெல்லாம் என்ன பயம் வரும்? இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ராத்திரியில் நடந்த கதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, காப்பியும் குடித்துவிட்டு, நல்ல தெளிவோடு போன இடத்தில் நடந்தது. நான் அன்றைக்குக் குடித்திருக்கவும் இல்லை.

எழுபதுகளில் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. எனக்கு அங்கே குமாஸ்தா வேலை. கடல்கார வீட்டில் பிறந்தும் கடலுக்குப் போகாமல் மேசைக்குப் போனவன் என்று தெருவில் எனக்கு ஒரு இளப்பம் உண்டு. எங்கள் வீட்டில் கடலுக்குப் போனது தொம்மை அண்ணன்தான். அண்ணனுக்குக் கீழே புஷ்பம் அக்கா, கடைசியாக நான். அக்காவைக் கட்டியவர் மிக்கேல் அத்தான். சங்கு குளிக்கிறவர். அத்தான் தண்ணீருக்குள் இறங்கினால் வள்ளத்தில் இருந்து கயிற்றைப் பிடிப்பது தொம்மை அண்ணன்.

எங்கள் பக்கத்தில் முத்துக் குளித்தாலும் சங்கு குளித்தாலும் கயிறு பிடிக்கிற ஆள் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பியை நம்ப மாட்டார்கள். அவனுக்குச் சொத்தில் கண் இருக்கலாம், மனத்தில் பழைய சண்டை இருக்கலாம். மச்சான் அப்படியில்லை, கயிற்றை விட்டால் தன் தங்கச்சி தாலியல்லவா அறும்? அந்தப் பயத்திலேயே பிடியை விடமாட்டான். ஒரு தடவை சுண்டினால் 'நில்லு' என்று அர்த்தம். விடாமல் சுண்டினால் 'இழு'. அப்படிச் சுண்டிவிட்டால் மேலே இருக்கிறவன் ஏன், எதற்கு என்று யோசிக்கவே கூடாது, இழுத்துவிட வேண்டும்.

தொம்மை அண்ணன் இடக்கைக்காரன். கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருப்பான். அது கைக்கு வந்தால் பாதிக் கயிறு போய்விட்டது என்று பார்க்காமலே தெரிந்துவிடும். எல்லோரும் போடுகிற முடிச்சுதான், ஆனால் இடக்கையால் போடுவதால் புரி எதிர்ப்பக்கமாக மடங்கி, இரண்டு சுற்றாக இறுகியிருக்கும். வள்ளத்தில் எத்தனை கயிறு கிடந்தாலும் அண்ணன் கயிறு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அந்த அண்ணன் மஞ்சள் காமாலையில் படுத்து, படுத்தவன் எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தான். அத்தானுக்கு அதன்பிறகு கூலிக்கு ஒருவன் கயிறு பிடித்தான். ஒருநாள் அத்தான் கீழே இருந்து விடாமல் சுண்டியிருக்கிறார், அவன் பக்கத்து வள்ளத்துக்காரனோடு பேசிக்கொண்டு இருந்துவிட்டான். மூச்சுத் திணறி அவராகவே மேலே வந்தபோது காதிலும் மூக்கிலும் ரத்தம். உயிர் பிழைத்தது, காது இரண்டும் போயிற்று. கோயில் மணியை நெஞ்சில் கை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். நம் வாயசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார், மீதிக்குக் கையைக் காட்ட வேண்டும். கடலை விட்டுவிட்டு, சங்கு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் சங்கு கழுவப் போனார்.

அந்த ஆளைப் பறவைப் பைத்தியமாக்கியது நான்தான். ஒரு கப்பல்காரனிடம் மலிவாகக் கிடைத்த பைனாகுலரைச் சும்மா விளையாட்டாக அவர் கையில் கொடுத்தேன். முள்ளக்காட்டுக்குத் தெற்கே உப்பளத்து வரப்பில் நின்று பார்த்தார். காது கேட்காதவருக்கு உலகத்தில் பாதி அடைத்துப் போயிருந்ததல்லவா, அது அன்றைக்குத் திறந்துகொண்டது போல ஆகிவிட்டது. "ஏலே, தண்ணிக்குள்ள மீனு கூட்டமா திரும்பும்லா, அதே மாரி திரும்புதுல!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். தன் குரல் தனக்குக் கேட்காதவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அவர் கத்திய கத்தலில் உள்ளான் குருவிக் கூட்டம் மொத்தமும் பறந்து போனது, அதையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் மழைக்காலம் முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உப்பளம்தான். நடப்பதற்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. மேடு பள்ளம் இல்லை, முள் இல்லை, வரப்பு நேராகப் போகும். இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர், அதைத் தாண்டி உப்பங்கழி, அதில் நாரையும் கூழைக்கடாவும் பூநாரையும். தெருவில் எங்களைப் பார்த்தால் "கொக்கு புடிக்கப் போறாவோ" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கயிறு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மழை பெய்தால் வரப்பு அங்கங்கே அரித்துப் போயிருக்கும். இரண்டு பேராகப் போனால் பறவை பறந்துவிடும் என்று அத்தான் முன்னால் தனியாகப் போவார், நான் பின்னால் நிற்பேன். ஆபத்து என்று நான் கத்தினால் அவருக்குக் கேட்குமா? அக்காதான் ஒருநாள் கண்ணீரோடு பிடிவாதம் பிடித்தாள். "ஒரு கயத்தக் கட்டிக்கிட்டுப் போனா என்ன கொறஞ்சு போவும்? அண்ணன் இருந்தா இப்புடி விடுவானா?" என்றாள். கடைத்தெருவில் நானே புதுக்கயிறு வாங்கினேன். ஒரு முடிச்சு கிடையாது அதில். ஒரு முனை அத்தான் இடுப்பில், சங்கு குளிக்கிறவர்கள் போடுகிற குளிகாரர் முடிச்சு, அதைக் கத்தி வைத்தோ பல் வைத்தோதான் அவிழ்க்க வேண்டும். இன்னொரு முனையைக் கையில் பிடிக்க என்னை விடவில்லை. "பேனா புடிச்ச கை, நழுவிரும்ல" என்று சொல்லி என் மணிக்கட்டிலேயே கட்டிவிட்டார்.

எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண், அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அதை வைத்து அத்தான் என்னைச் சீண்டாத நாள் இல்லை. "எனக்கு ரெண்டு மச்சான் கெடச்சான். ஒனக்கு ஒருத்தனும் கெடையாது, கயிறு புடிக்க யாருல வருவா?" என்பார். நான் கடலுக்கா போகப்போகிறேன் என்று சிரிப்பேன்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு நிறைமாதம். வாசல்வரை வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னைக்குப் போவாண்டாம்னு சொன்னா அவிய கேக்க மாட்டாவ. ஒன்ன நம்பித்தாம்ல விடுதேன்" என்றாள். போய்ச் சேர்ந்தால் உப்பளத்தில் பனி இறங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் அப்படியொரு பனியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பாத்தி எது வானம் எது என்று தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று கையைக் காட்டினேன். அத்தான் தலையாட்டவே இல்லை. பூநாரை பக்கத்தில் எங்கேயோ மேய்கிறது, அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் பாத்தியில் மிதந்த ஒரு ரோசா நிற இறகை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். பனி இருந்தால் அதுகளுக்கு நாம் தெரிய மாட்டோம், கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு.

போனார். நான் மடைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கொஞ்ச தூரத்தில் அவர் முதுகு மங்கியது, அதற்கப்புறம் இல்லை. கயிறு மட்டும் வரப்பின்மேல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அவர் நின்றுவிட்டார், பறவையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கயிறு தொய்ந்து என் காலடியில் கிடந்தது, இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தொய்ந்துதான் கிடந்தது. பூநாரைக் கூட்டம் ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு சட்டென்று நின்றது. பறந்துபோன சத்தம் இல்லை, சிறகடிப்பு இல்லை, அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

அப்போது என் மணிக்கட்டில் ஒரு சுண்டல். குனிந்து பார்த்தேன். கயிறு அப்படியே தொய்ந்துதான் கிடக்கிறது. தொய்ந்த கயிறு எப்படிச் சுண்டும்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு தரையிலிருந்து எழுந்தது. எழுந்தது என்றால், அத்தான் போன பக்கமாக இறுகவில்லை. என் கையிலிருந்து மேல்நோக்கிப் போனது, பனிக்குள்ளே ஒரு இடத்தில் ஒரு ஆளின் தோள் உயரத்துக்கு நின்றது, அங்கிருந்து அந்தப்பக்கம் கீழே இறங்கியது. நடுவில் யாரோ நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அந்த இடத்தில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. என் கண் மங்கலில்லை, அப்போது எனக்குக் கண்ணாடிகூடக் கிடையாது.

பிறகு விடாமல் சுண்ட ஆரம்பித்தது. சுண்டு, சுண்டு, சுண்டு. நான் கடலுக்குப் போகாதவன், ஆனாலும் அந்த வீட்டில் பிறந்தவன். என் புத்தி என்னவெல்லாமோ கேட்டது, கை கேட்கவில்லை. மடைக் கல்லில் காலை முட்டுக் கொடுத்து, சேற்றில் உட்கார்ந்து, இழுத்தேன். சேசுவே, என்ன கனம்! ஒரு ஆள் வரப்பில் நடந்து வருகிற கனமா அது? ஆழத்திலிருந்து தூக்குகிற கனம். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கயிற்றில் ஒட்டியது. எனக்கு முன்னால் இன்னொரு ஆளும் சேர்ந்து இழுக்கிற மாதிரி நான் இழுக்காத நேரத்திலும் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் கை சிலிர்க்கிறது, வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள்.

அத்தான் வந்தார். வரப்பின்மேல் வயிறு தேய, நெஞ்சுவரை கறுப்புச் சேறாக, மூச்சு இரைக்க வந்து விழுந்தார். பைனாகுலர் கழுத்தில் தொங்குகிறது. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அக்கா முகம்தான் எனக்குக் கண்ணில் நின்றது.

"நீ மட்டும் கூப்புடலன்னா போயிருப்பேம்ல" என்றார்.

நான் எங்கே கூப்பிட்டேன்? வாயை நன்றாக அசைத்து, "நீங்கதான அத்தான் சுண்டுனீய?" என்றேன்.

"நான் எதுக்குல சுண்டப்போறேன்? கையெட்டுற தூரத்துல பறவய வச்சிக்கிட்டு. நீதான் இடுப்பப் புடுங்குன மாரி சுண்டுன. என்னமோ ஏதோன்னு திரும்புனேன், காலு கீழ வரப்பு விட்டுட்டு. நேர போயிருந்தா நட்ட நடு ஓடையில குப்புற விழுந்துருப்பேன். திரும்புனதால கரையோட போச்சு. அதுக்கும் நெஞ்சுவர இழுத்துட்டு."

வெயில் ஏறிப் பனி விலகியதும் பார்த்தோம். மழையில் வரப்பு உடைந்து கழி ஓடை உள்ளே புகுந்திருந்தது. நீர்வற்றுகிற நேரம், ஓடை கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. நீச்சல் தெரிந்தவனுக்கும் அங்கே வேலை இல்லை, அடிச்சேறு காலை விடாது. உடைப்பின் ஓரம் பாசி மூடிக் கெட்டித் தரை மாதிரி இருந்தது. அந்தக் கரையில் பூநாரைகள் ஒன்றுமே நடக்காத மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. அத்தான் அதுகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். பாதியில் கை நின்றது. என்ன என்று பார்த்தேன். கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சு. இரண்டு சுற்று, எதிர்ப்பக்கமாக மடங்கி, ஈரத்தில் இறுகி. அத்தான் அதைக் கட்டைவிரலால் தடவினார், திருப்பினார், மறுபடி தடவினார், அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இடக்கைப் போடு" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நீங்கள் வீட்டுக்குப் போனதும் ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், இன்னொரு முனையை உங்கள் மணிக்கட்டில் கட்டுங்கள். இரண்டையும் அவிழ்க்காமல், ஆளே கயிற்று வளையத்துக்குள் நுழைந்து வராமல், நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள், சுருக்கு இல்லை, முடிச்சு. முடியாது. முனையை உள்ளே விட்டு எடுக்காமல் முடிச்சு விழாது. என் முனை என் மணிக்கட்டில் இருந்தது, தோல் உரிந்திருந்தது. அத்தான் முனையை வீட்டுக்கு வந்து கத்தியால் நெம்பி எடுத்தோம்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை, நிறைமாதக்காரி. சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றோம். கொடியில் காயப்போட்ட கயிற்றைப் பார்த்தவள், "இது எங்க அண்ணன் முடிச்சு மாரில்லா இருக்கு, யாரு போட்டது?" என்று கேட்டாள். தான் போட்டதுதான் என்று அத்தான் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்த வாரத்திலேயே ஆண் பிள்ளை பிறந்தது. தொம்மை என்றே பேர் வைத்தார்கள்.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பனியில் கண் ஏமாற்றியிருக்கும், அத்தான் எப்போதோ முனையை அவிழ்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கயிற்றை மட்டும் கீழே போட மனம் வரவில்லை. கல்யாணமாகித் தனி வீடு போனபோது மிச்ச நீளத்தை இரண்டு பக்கமும் சுருட்டிவிட்டு, முன்னறை உத்திரத்தில் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து ஆணி அடித்தேன். நடுவில் முடிச்சு தொங்கும். ஆபீஸ் நண்பர்கள் வந்தால் டீயைக் கையில் கொடுத்து, "ஆணியைத் தொடாமல் அவிழ்த்துப் பாருங்கள்" என்பேன். பெரிய பெரிய கெட்டிக்காரர்கள் எல்லாம் நாற்காலியில் ஏறிப் பார்த்துத் தோற்றுப் போனார்கள். வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஆணியின்மேலும் சேர்த்து அடிப்பேன், அது சிமென்ட் மாதிரி கெட்டிப்பட்டுவிட்டது.

வருஷங்கள் ஓடின. அத்தான் நடக்க முடிந்தவரை உப்பளம் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக முடிச்சைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவார். அக்கா கடைசியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி கிடந்து போய்விட்டாள். தாலியோடு போனாள், அதில் அவளுக்குக் குறை இல்லை. போர்த்துவதற்கு ஒரு வெள்ளைத் துணி எடுக்க நான்தான் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். கதவைத் திறந்தவுடனே எதுவோ மாறியிருக்கிறது என்று பட்டது. நிமிர்ந்து பார்த்தால் கயிறு முன்பைவிடத் தாழத் தொங்குகிறது.

முடிச்சு இல்லை.

நாற்காலி போட்டு ஏறினேன். இந்தப் பக்கத்து ஆணியில் சுண்ணாம்பு ஒரு கீறல்கூட விடவில்லை. அந்தப் பக்கமும் அப்படியே. வீடு பூட்டிக் கிடந்தது, சாவி என் மடியில். நானும் மனைவியும் இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில். இத்தனை வருஷம் இறுகிக் கிடந்த இடத்தில் ஒரு வளைவாவது, நசுங்கலாவது இருக்க வேண்டுமா இல்லையா? கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

அடக்கம் முடிந்து அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போலத் தொடுவதற்குக் கையை உயர்த்தினார். கை காற்றில் நின்றது. நான் பதறிப்போய் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் வாயைப் பார்க்கவே இல்லை. கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, சிரித்தார்.

"மச்சான் விட்டுட்டாருல" என்றார்.

"அப்படிச் சொல்லாதீய அத்தான்" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"அவரு தங்கச்சிக்காவல்லா புடிச்சாரு. அவதான் போயிட்டாளே. இன்னும் என்னத்துக்குப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு?" என்றார். அவர் முகத்தில் பயமோ வருத்தமோ இல்லை. கயிறு பிடிக்கிற முறை தெரிந்தவர், முறைப்படி நடந்திருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் அது அப்போது உறைத்தது. அதுவரைக்கும் அண்ணன் மிக்கேல் அத்தானைக் காப்பாற்றினான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்த காலையில் அத்தான் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். மத்தியானம் உப்பளத்து ஆட்கள் வந்து சொன்னார்கள். பழைய உடைப்பு இருந்த இடத்தில் வரப்பின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், பூநாரைகள் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தனவாம். உடம்பில் ஒரு காயம் இல்லை, துணியில் ஈரம் இல்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். வயதானவர், மனைவி போன துக்கம், அப்படியும் இருக்கலாம். நான் மறுக்கவில்லை.

கயிறு இப்போதும் அந்த உத்திரத்தில்தான் இருக்கிறது. கழற்றிவிடச் சொல்லி என் மனைவி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், அவளுக்கு அதன் அடியில் நடக்கவே பிடிக்கவில்லை. எனக்கு ஆணியில் கைவைக்கத் துணிவு வரவில்லை. காலையில் எழுந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு ஒருதரம் அதை நிமிர்ந்து பார்க்கிறேன், முடிச்சு எதுவும் விழுந்திருக்கிறதா என்று. இதுவரை இல்லை. இனி விழவும் விழாது. அத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தது சரிதான், என் மனைவி வீட்டுக்கு ஒரே பிள்ளை. எனக்கு மச்சான் கிடையாது.